முப்பதாண்டுப் பொதுவாழ்வுக்கு விழா எடுக்கும் முன்: எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

உங்கள் பொதுவாழ்வின் முப்பதாம் ஆண்டுக்கு விழா எடுக்கிறார்கள் என்று நோட்டீஸ் வந்தது. நாட்டுப்படகு ஒன்றுக்கு ஆயிரம், விசைப்படகு ஒன்றுக்கு ஐயாயிரம், மகளிர் குழு ஒன்றுக்கு இரண்டாயிரம் என்று நன்கொடைக்கு விகிதம் போட்டிருக்கிறார்கள். குழுப் பெண்கள் ஒரே நிறச் சேலையில் வர வேண்டுமாம். சேலைக்குக் காசு தனி. விழா அன்று ஒரு படகும் தொழிலுக்குப் போகக் கூடாது. எல்லாப் படகிலும் கொடி கட்டி, கடல் வழியாக உங்களை அழைத்து வந்து எங்கள் கரையில் இறக்க வேண்டும்.

எங்கள் கரையில் எந்த இடத்தில் இறக்குவது என்று விழாக் குழு யோசித்ததா தெரியவில்லை. இறங்குதளம் கட்ட நீங்கள் கல் நாட்டிய இடத்தில் கல் மட்டும்தான் நிற்கிறது. தண்ணீர் வற்றும் நேரமாக இருந்தால் படகு தொலைவிலேயே தரை தட்டிவிடும். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சேற்றில் நடந்துதான் நீங்கள் கரையேற வேண்டும். ஐஸ் பெட்டியும் மீன் கூடையுமாக எங்கள் ஆண்கள் தினமும் அப்படித்தான் வருகிறார்கள். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உங்கள் பெயரில் அலங்கார வளைவு கட்டப் போவதாகவும் நோட்டீஸ் சொல்கிறது.

விழா மலருக்கு ஒரு பக்கம் வாழ்த்துரை எழுதச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. எழுத வேண்டியதை உங்களுக்கே எழுதிவிடுகிறேன்.

நான் கடற்பாசி எடுக்கும் குடும்பத்தில் பிறந்தவள். பதினோராம் வகுப்பு வரை நானும் அம்மாவோடு தீவுப் பக்கம் போய்ப் பாசி எடுத்திருக்கிறேன். இப்போது எங்கள் ஊர் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். 2019 டிசம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சி வார்டு உறுப்பினராக வந்து, ஐந்து ஆண்டு இருந்தேன். உங்கள் பெயரையோ தொகுதியின் பெயரையோ நான் இங்கே எழுதவில்லை. மூக்கையூரிலிருந்து தொண்டி வரை இந்தக் கடற்கரையில் யார் படித்தாலும் தங்கள் தொகுதிக்காரரை நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைக்கட்டும் என்றுதான் விட்டுவிட்டேன்.

நோட்டீஸில் உங்களை 'நவீன சேதுபதி' என்று போட்டிருக்கிறார்கள். இந்த வரியை எழுதியவர் கொஞ்சம் வரலாறு படித்திருக்கலாம். 1937 தேர்தலில் ராமநாதபுரம் ராஜாவையே தோற்கடித்து முத்துராமலிங்கத் தேவரைச் சென்னைக்கு அனுப்பிய சீமை இது. தோற்ற ராஜா சண்முக ராஜேஸ்வர சேதுபதி பிற்பாடு 1952 முதல் மூன்று தேர்தல்களில் ராமநாதபுரத்தில் வென்று, காமராசர் 1954இல் அமைத்த அமைச்சரவையிலும் இருந்தார். சேதுபதி என்ற பெயர் மட்டும் போதும் என்று எங்கள் ஊர்கள் என்றைக்கும் ஓட்டுப் போட்டதில்லை.

உங்கள் ஆரம்ப காலத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1996இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது நீங்கள் ஊராட்சி மன்றத் தலைவரானீர்கள். ஊருணியைத் தூர்வாரினீர்கள். கரையைச் சுற்றி மண்டியிருந்த சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்தீர்கள். மெயின் ரோட்டிலிருந்து கடற்கரைக்குத் தார்ச்சாலை வந்தது. புயல் எச்சரிக்கை வந்த ராத்திரிகளில் படகு எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கரையிலேயே நின்றீர்கள். 'அண்ணே' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்த காலம் அது. அந்தப் பேரில்தான் ஒன்றியத்துக்கும் போனீர்கள், சட்டமன்றத்துக்கும் போனீர்கள். கட்சிகளுக்குள் நீங்கள் நடத்திய போக்குவரத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. அது உங்களுக்கும் தலைமைக்கும் உள்ள கணக்கு. எனக்கு வேண்டியது கோட்டைக்குள் போன பிறகு உள்ள கணக்கு.

ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். உங்களுக்கு மறந்திருக்கும்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். எங்கள் பாட்டிமார் கஞ்சிப் பானையோடு போய் இறங்கி, பாசி எடுத்து, மரநிழலில் இளைப்பாறிவிட்டு வந்த தீவுகள் அவை. அறிவிப்புக்குப் பிறகு அங்கே கால் வைத்தால் குற்றம். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் தீவு ஓரத்துப் பாறையிலும் பவளத்திட்டிலும்தானே வளர்கின்றன, நடுக்கடலிலா வளர்கின்றன? கண்ணாடி மாட்டி, விரலெல்லாம் துணி சுற்றி, இடுப்பில் பை கட்டி, மூச்சைப் பிடித்து முங்கி எடுக்கிற பெண்களைத்தான் ரோந்துப் படகு முதலில் பிடிக்கிறது.

அன்றைக்கு அம்மாவும் சித்தியும் போன படகைப் பிடித்துவிட்டார்கள். எடுத்த பாசியைக் கடலில் கொட்டினார்கள். படகைக் கட்டிப்போட்டு, பெண்களை ஈரத்துணியோடு சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். ஊரே உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. நீங்கள் வெளியே வந்தீர்கள், யாருக்கோ போன் போட்டீர்கள், இரண்டு நிமிடம் பேசினீர்கள். பொழுது சாயும் முன் படகு வந்துவிட்டது. வெடி போட்டார்கள். "எம்.எல்.ஏ. ஒரு போன் போட்டாக, படகு வந்துருச்சு" என்று அம்மா வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் வேறொரு படகு பிடிபட்டது. போன் போட்டோம். "சார் மீட்டிங்கில் இருக்காங்க" என்றார் உங்கள் உதவியாளர். படகுக்காரர் அபராதம் கட்டி எடுத்து வந்தார். அதற்கடுத்த தடவை, எந்த வீட்டில் எந்தக் கட்சிக் கொடி இருக்கிறது என்ற விசாரணை நடந்த பிறகுதான் போன் போனது.

உங்கள் முப்பது ஆண்டுகளை யோசிக்கும்போது எனக்கு இந்தப் போன்தான் நினைவுக்கு வருகிறது. காவல் நிலையத்துக்குப் போன், ஆஸ்பத்திரிக்குப் போன், காலேஜ் சீட்டுக்குப் போன், டிரான்ஸ்பருக்குப் போன். போன் போட்ட அன்றைக்கு வேலை நடக்கிறது. எங்கள் பெண்கள் மறுநாளும் அதே பயத்தோடுதான் கடலில் இறங்குகிறார்கள். போனுக்குப் பதிலாகச் சபையில் எழுந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், பதில் அச்சில் ஏறும், அதைக் காட்டி நாங்கள் எந்த அலுவலகத்திலும் பேசலாம். போனில் பேசியதை யாரிடம் காட்டுவது?

பாசிப் பெண்கள் வரைமுறை இல்லாமல் எடுக்கிறார்கள் என்று சொல்வோருக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். பாம்பன் சின்னப்பாலம் முதலான ஊர்களின் பெண்கள் தாங்களே கூடிப் பேசி, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியை விட்டார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். அந்தச் சின்னப்பாலத்துப் பெண் ஒருவரை 2015இல் அமெரிக்காவுக்கு அழைத்து, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கொடுத்தார்கள். கடல் கடந்து போய் அந்த மரியாதை கிடைத்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் எங்கள் தொழிலைப் பற்றி நீங்கள் பேசிய ஒரு முழுப் பக்கத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தேடாமல் சொல்லவில்லை. என் அண்ணன் மகன் மதுரையில் சட்டம் படிக்கிறான். நீங்கள் உறுப்பினராக இருந்த காலத்துச் சபை நடவடிக்கைக் குறிப்புகளில் கிடைத்தவற்றை எடுத்துக் கொடுத்தான். மாலை வேளைகளில், பாசி காயப்போட்ட தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். டவுனுக்குப் பேருந்து நிலைய விரிவாக்கம் கேட்டிருக்கிறீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கட்டடம் கேட்டிருக்கிறீர்கள். நல்லது. மீன்வளத் துறை மானியக் கோரிக்கையில் பேச உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்த நாளில் பாதி நேரம் தலைவரின் புகழுக்கும், மீதியில் பாதி முந்தைய ஆட்சியின் குறைக்கும் போய்விட்டது. கடைசியில் ஊர்ப் பெயர்களை மூச்சு விடாமல் வாசித்து, "தூண்டில் வளைவு வேண்டும்" என்று, கடலரிப்பைத் தடுக்கும் கற்சுவரைக் கேட்டு முடித்தீர்கள். எங்கள் ஊர்ப் பெயரை அச்சில் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் திருத்தவில்லை.

இறங்குதளம் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியும் கிடைத்தது. "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்றார் அப்போதைய அமைச்சர். அந்த இடத்தில் துணைக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இருந்தது. ஆய்வு முடிந்ததா, மதிப்பீடு எவ்வளவு, எந்த நிதியாண்டு என்று கேட்டிருக்கலாம். அமைச்சருக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரத்தை நேரலையில் காட்டுகிறார்கள் என்பதால் இப்போதெல்லாம் எங்கள் பெண்களும் போனில் பார்க்கிறார்கள். மேசையைத் தட்டும் கைகளில் உங்கள் கையைத் தேடிக் கண்டுபிடித்து விடுகிறோம். எழுந்து நிற்கும்போதுதான் ஆளைக் காணோம்.

இதையெல்லாம் நேரில் சொன்னால் உங்களிடம் ஒரே பதில்தான் வரும், எனக்குத் தெரியும்: "கடல் மத்திய அரசு விவகாரம்மா, நான் என்ன செய்ய முடியும்?" வலைவாடியிலும் சொல்லியிருக்கிறீர்கள், கோயில் கொடையிலும் சொல்லியிருக்கிறீர்கள், கல்யாண வீட்டிலும் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் ஆண்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். இலங்கைக் கடற்படை, கச்சத்தீவு என்று பேச்சு போய்விட்டால் எல்லோருக்கும் அதுதான் உண்மையாகத் தெரிகிறது. கச்சத்தீவு விஷயம் டெல்லி கையில்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. 1974லும் 1976லும் ஒப்பந்தம் போட்டது டெல்லி. 1974, 1991, 2013, 2025 என்று நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 2025 ஏப்ரலில் கட்சி வேறுபாடு இல்லாமல் சபை முழுவதும் ஆதரித்த தீர்மானம் அது. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றுக்கு ஒரு தொகுதி உறுப்பினர் தனியாகக் கொண்டுவந்து சேர்த்தது என்ன?

மற்றபடி, கடல் முழுவதையும் டெல்லி மேல் போட்டுவிட்டு நீங்கள் ஒதுங்க முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் பாருங்கள். நீரெல்லைக்கு அப்பால் மீன்பிடிப்பது ஒன்றியப் பட்டியலில் 57ஆவது. மீன்வளம் என்று மொத்தமாக மாநிலப் பட்டியலில் 21ஆவதாக இருக்கிறது. நீரெல்லை என்பது கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல். எங்கள் நாட்டுப்படகுகளும் வல்லங்களும் வத்தைகளும் பெரும்பாலும் அதற்குள்தான் தொழில் செய்கின்றன. அந்தக் கடலில் யார், எந்த வலையில், எங்கே மீன் பிடிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே சபையில் நிறைவேறியது. கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது அந்தச் சட்டமும் அதன் விதிகளும்தான். இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலைக்கும், மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலைக்கும் தடை போட்டது இதே மாநில அரசு. தடையை மீறி ராத்திரியில் கரையோரம் மடி இழுத்து, எங்கள் நண்டு வலையை அறுத்துக்கொண்டு போகிற படகு எந்த நாட்டிலிருந்தும் வருவதில்லை. அதன் உரிமையாளர் பெயர் உங்கள் விழா நோட்டீஸின் அடியில் புரவலர் பட்டியலில் இருக்கிறது.

இதை எழுத எனக்குச் சங்கடம்தான். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் பிரதமர் வந்து ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது, மடியை விட்டுவிட்டுத் தூண்டிலுக்கு மாறிவிடலாம் என்று அவர்களும் நம்பினார்கள். ஒரு படகுக்கு 80 லட்சம் என்று கணக்கிட்டு, அதில் எழுபது சதவீதம் மானியம் என்றார்கள். மீதிப் பணத்துக்கும், அந்தப் படகை ஓட்டத் தேவையான செலவுக்கும் வழி தெரியாமல் பின்வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்காக வங்கியோடும் துறையோடும் பேச வேண்டியதும் நீங்கள்தான். விசைப்படகுக்காரர் ஓட்டும் நாட்டுப்படகுக்காரர் ஓட்டும் இரண்டும் வேண்டும் என்பதால் இரண்டு பேரிடமும் ஒன்றும் பேசாமல் இருப்பது ஒரு வழி. அந்த வழியில் முப்பது வருஷம் ஓட்டிவிடலாம் என்று நீங்கள் காட்டியிருக்கிறீர்கள்.

பாசி விஷயமும் அப்படியே. தீவுகளின் தேசியப் பூங்காவைப் பார்த்துக்கொள்வது மாநில வனத்துறை. 2023 செப்டம்பரில் வளமாவூரில் 127 கோடியே 71 லட்ச ரூபாய்க்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். பேப்பரில் படம் வந்த அன்று எங்கள் பெண்களுக்கு ஒரே சந்தோஷம். விசாரித்தால், அது வளர்ப்புப் பாசித் தொழிலைப் பெருக்குவதற்கு. மூங்கில் தெப்பம் கட்டி, விதைப்பாசி வாங்கிக் கட்டி வளர்க்கிறவர்களுக்குப் பயன்படும். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. இயற்கைப் பாசியை முங்கி எடுக்கும் பெண்ணுக்கு அதில் என்ன இடம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் யார்?

தொகுதி மேம்பாட்டு நிதிக்கு வருகிறேன். ஆண்டுக்கு 3 கோடி, ஐந்தாண்டுக்குப் பதினைந்து கோடி. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு எங்கள் ஊராட்சியில் நடந்த வேலைகளின் பட்டியலை வாங்கினேன். உங்கள் பெயர் பொறித்த பயணியர் நிழற்குடை ஒன்று. அந்த இடத்தில் பஸ் நிற்பதில்லை, ஆடுகள்தான் நிற்கின்றன. ஹைமாஸ் விளக்கு ஒன்று. உப்புக் காற்றில் பெட்டி துருப்பிடித்து எரிவதில்லை. கலையரங்கம் ஒன்று, தேர்தல் கூட்டத்துக்குப் பயன்படுகிறது. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று; திறந்த வருஷமே வடிகட்டி போய்விட்டது, மாற்ற ஆள் இல்லை. வலை பின்னும் கூடம் ஒன்று. அது மட்டும் உருப்படியாக இருக்கிறது, அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வெயிலில் உட்கார்ந்து வலை செப்பனிட்ட கிழவர்கள் உங்களை வாழ்த்துகிறார்கள்.

தண்ணீரைப் பற்றி நீட்ட மாட்டேன். இந்த மாவட்டத்தில் தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கித் தள்ளாத பெண் யார்? காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தது, குழாய் வந்தது. கடைக்கோடி ஊர்களுக்கு முறை வைத்துத்தான் வருகிறது, பல வாரங்களில் அந்த முறையும் தப்பிப்போகிறது. குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம். நீங்கள் டவுனில் குடியேறிப் பல வருஷமாகிவிட்டதால் இது உங்கள் காதுக்குச் செய்தியாகத்தான் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு இதுதான் பெரிய வருத்தம். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். 2016 அக்டோபரிலிருந்து 2019 முடியும் வரையும் இப்படித்தான் மூன்று வருஷம் தலைவர் இல்லாமல் கிடந்தோம். அப்போது ஒரு கட்சி ஆட்சி, இப்போது வேறு கட்சி ஆட்சி. குழாய் உடைந்தால், தெருவிளக்கு எரியாவிட்டால், வார்டு உறுப்பினரை வீட்டு வாசலில் நிறுத்தித் திட்டலாம். என்னையும் திட்டியிருக்கிறார்கள். தனி அலுவலருக்குப் பல ஊராட்சிகள், அவரைப் பிடிக்க ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏற வேண்டும். ஊராட்சித் தலைவராக அரசியலுக்கு வந்தவர் நீங்கள். உங்கள் முப்பது வருஷக் கணக்கே 1996 உள்ளாட்சித் தேர்தலிலிருந்துதான் தொடங்குகிறது. உள்ளாட்சித் தேர்தலை ஏன் நடத்தவில்லை என்று எந்த ஆட்சியிலும் நீங்கள் சபையில் வாய் திறக்கவில்லை. வார்டு உறுப்பினரும் தலைவரும் இல்லாத இந்தக் காலத்தில் எங்கள் ஊர் மாநில நிர்வாகத்தில் பேசுவதற்கு வாக்களித்து அனுப்பிய ஆள் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் மாலைக்குக் குனிந்துகொண்டு நின்றால் நாங்கள் யாரிடம் போவது?

இந்தச் சபைக்கு இன்னும் அதிக நாள் இல்லை. ஜனவரியில் ஆளுநர் உரைக்குக் கூடும், பிறகு இடைக்கால நிதிநிலை அறிக்கை, பிறகு எல்லோரும் தேர்தலுக்குப் போய்விடுவீர்கள். அதற்குள் செய்ய முடிந்ததைத்தான் கேட்கிறேன்.

கடல் ஊர்வலத்தை ரத்து செய்யச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடிகிற நாளே குறைவு. அதில் ஒரு நாளைக் கொடி கட்டுவதற்குக் கேட்பது அநியாயம். மகளிர் குழுக்களிடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அது பெண்கள் கடனுக்குத் தவணை கட்ட வைத்திருந்த காசு. யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது என் கணக்கு நோட்டில் இருக்கிறது. அலங்கார வளைவு வேண்டாம். அந்தச் செலவில் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வடிகட்டி வாங்கிப் போட்டாலே ஊர் உங்களைக் கும்பிடும்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கேட்டார். நீங்கள் கொடுத்த பத்தை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று எதிரே எழுதுங்கள். கூடவே தொகுதி நிதியில் நடந்த வேலை, செலவு, இன்றைக்கு அது பயன்பாட்டில் இருக்கிறதா இல்லையா என்ற விவரமும், சபையில் நீங்கள் கேட்ட கேள்விகளும் கிடைத்த பதில்களும் வர வேண்டும். தொகுதி முழுவதற்கும் அச்சடித்தாலும் விழா மலரின் செலவில் கால்வாசி ஆகாது.

சபை கூடியதும் மூன்று விஷயங்களை எழுப்புங்கள். எங்கள் கரையோரத்தில் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறிய படகுகள் மேல் ஐந்து ஆண்டுகளில் எத்தனை வழக்கு, எத்தனையில் தண்டனை என்று மீன்வளத் துறை அமைச்சரிடம் கேளுங்கள். புரவலர் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் விட்டுவிடாதீர்கள். பாசிப் பெண்களுக்கு அடையாள அட்டையும், எந்த நாட்களில் எந்தத் திட்டுகளில் எடுக்கலாம் என்ற எழுத்து மூலமான அனுமதியும் தர வனத்துறை, மீன்வளத் துறை, பாசிப் பெண்கள் மூவரும் உட்காரும் ஒரு குழு வேண்டும் என்று கவன ஈர்ப்புக் கொண்டு வாருங்கள். உள்ளாட்சித் தேர்தல் தேதியைக் கேளுங்கள். அமைச்சர் உறுதி கொடுத்தால் அதை அரசு உறுதிமொழிக் குழுவின் பட்டியலில் ஏற்றும் வரை விடாதீர்கள். "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி உட்காராமல் துணைக் கேள்வி கேளுங்கள். நேரலையில் பார்த்துக்கொண்டிருப்போம்.

இறங்குதளத்துக்கு மண் ஆய்வு நடந்ததா, மதிப்பீடு போட்டார்களா, கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். "வரும், வரும்" என்று மேடையில் சொன்னது போதும். மூக்கையூருக்குத் துறைமுகம் வந்தது, குந்துகாலுக்கு இறங்குதளம் வந்தது. எங்கள் கரைக்கு வர முடியாத காரணம் ஏதாவது இருந்தால் அதையாவது சொல்லுங்கள், கேட்பதை நிறுத்திவிட்டு வேறு வழி பார்க்கிறோம்.

கடைசியாக, எங்கள் ஊருக்கு ஒரு நாள் வாருங்கள். மேடை, மைக், பொன்னாடை எதுவும் வேண்டாம்; வலை பின்னும் கூடத்தில் பாய் விரிக்கிறோம். இந்தக் கரையில் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாத ஊரும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை போகாத ஊரும் உண்டு. எங்கள் ஊர் ஞாயிறு. காலை பத்து மணிக்கு மேல் எல்லோரும் இருப்பார்கள். தார்ச்சாலை வழியாகவே வரலாம். டிசம்பர் மாதத்தில் எந்த ஞாயிறு என்று தேதி குறித்து, விழாக் குழு வழியாக அனுப்பாமல் உங்கள் கையெழுத்தோடு ஊராட்சி அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள். அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மகளிர் குழுக்களின் கணக்கர், முன்னாள் ஊராட்சி வார்டு உறுப்பினர்,
மன்னார் வளைகுடாக் கரை, ராமநாதபுரம் மாவட்டம்.
நவம்பர் 2025